பரீட்சைக்கு அனுப்பிய ஒலிப்பதிவு

மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு வருடம் மனநல ஆலோசகராக வேலை பார்த்த பிறகுதான் சி.பி.டி. முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். மனதில் ஓடும் எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, அது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கப் பழக்கும் சிகிச்சை அது. சனி, ஞாயிறுகளில் ஆன்லைன் வகுப்பு. ஒரே நபருடன் நடத்தும் அமர்வுகளை அவர் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்து, அதில் சிறந்த ஒன்றை மதிப்பெண்ணுக்கு அனுப்ப வேண்டும். வகுப்பில் இருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் என்னைவிட வேகமாகப் பதில் சொன்னார்கள். அவர்களை ஒருமுறையாவது முந்திவிட வேண்டும் என்ற வீம்பு எனக்குள் ஏறியிருந்தது.

ஒலிப்பதிவுக்கு நான் தேர்ந்தெடுத்த அக்கா களியக்காவிளைப் பக்கம். ஐம்பதைத் தாண்டியவர். இருபது வருடத்துக்கும் மேலாகத் தன் சபையின் பாடகர் குழுவான கொயரில், பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்ட்டோ பாடியவர். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கரகரத்துவிட்டது. எட்டு மாதமாக ஆலயத்துக்குப் போகவில்லை. சாப்பாடும் உறக்கமும் குறைந்து, மெலிந்துபோய் என்னிடம் வந்தார்.

"நான் இல்லாதது அவியளுக்கு நிம்மதியாத்தான் இருக்கும் மக்கா" என்பார். கொயர் ஆட்களைப் பற்றி அமர்வுக்கு அமர்வு இதையே சொல்வார்.

ஒலிப்பதிவுக்குச் சம்மதம் கேட்டபோது படிவத்தைப் பாதிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். "நீ படிச்சு மேல வாறதுக்குன்னா எத்தன தடவ வேணும்னாலும் எடு பிள்ளே" என்றார்.

ஆறாவது அமர்வில் அவருடைய எண்ணத்தைச் சோதித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கொயர் பயிற்சிக்குப் போய், 'நானும் பாட வரட்டுமா' என்று கேட்க வேண்டும். என்ன நடக்கும் என்று நினைக்கிறார் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதச் சொன்னேன். 'வேண்டாம்னு சொல்லுவாவ' என்று எழுதினார். தான் இல்லாதது அவர்களுக்கு நிம்மதி என்ற எண்ணத்தை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டதற்கு நூற்றுக்கு எண்பது போட்டார். ஒருவரை இப்படி அனுப்பும் முன், அவர் பயந்தபடியே நடந்துவிட்டால் என்ன செய்வது என்றும் பேசிவிட வேண்டும். முதல் மாதமே சொல்லிக்கொடுத்த பாடம் அது. நான் பேசவில்லை. சபை ஆட்களை எனக்குத் தெரியாதா, இத்தனை வருடம் கூடப் பாடியவரைப் போய் வேண்டாம் என்பார்களா என்று நினைத்தேன். அவ்வளவு தைரியம் எனக்கு.

அடுத்த வாரம் தாளை அழகாக நிரப்பிக் கொண்டுவந்தார். கொயர் மாஸ்டரே எழுந்து நாற்காலி போட்டாராம். எல்லோரும் நலம் விசாரித்தார்களாம். பாட வரட்டுமா என்று இவர் கேட்டதும் மாஸ்டர், "அக்கா, இனி நீங்க செரமப்படாண்டாம். முன்னால இருந்து கேட்டா போதும்" என்றாராம். இவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் புதிதாக ஒரு பெண் நின்றாளாம்.

"மரியாதையாத்தான் சொன்னாவ" என்று முடித்தார்.

'வலிச்சிருக்குமே அக்கா' என்று சொல்லிவிட்டு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். அதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. ஆனால் மேசைமேல் பதிவுக்கருவி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு நல்ல அமர்வு ஒன்று வேண்டியிருந்தது.

"அவங்க அப்படிச் சொன்னதுக்கு வேற காரணம் ஏதாவது இருக்குமா அக்கா?" என்று ஆரம்பித்தேன். தொண்டைக்கு ஓய்வு கொடுக்க நினைத்திருக்கலாம், கிறிஸ்துமஸ் நெருங்குகிற அவசரமாக இருக்கலாம், புதுப் பெண்ணைப் பழக்குவதற்காக இருக்கலாம் என்று மூன்று காரணம் சேர்ந்தது. மூன்றில் இரண்டு நான் எடுத்துக் கொடுத்தவை. ஒவ்வொன்றுக்கும் "இருக்கலாம் மக்கா" என்றார்.

"நீங்க இல்லாதது அவங்களுக்கு நிம்மதிங்கற எண்ணத்தை இப்போ நூத்துக்கு எவ்வளவு நம்புறீங்க?"

என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "முப்பதுன்னு வையி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்பது முப்பதாகிவிட்டதே! அந்த அமர்வைத்தான் அனுப்பினேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். கேள்விகள் தடங்கலில்லாமல் போவதாக மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். அக்கா அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை வந்தார். வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டார். அவருடைய கோப்பில் 'முன்னேற்றம் உண்டு' என்று எழுதி மூடி வைத்தேன்.

சான்றிதழ் வந்த பிறகு ஒருநாள், வேறு எதற்கோ தேடும்போது அந்தப் பதிவு கையில் அகப்பட்டது. போட்டுக் கேட்டேன். 'மரியாதையாத்தான் சொன்னாவ' என்பதற்குப் பிறகு அக்கா மூச்சை இழுக்கிறார். ஏதோ சொல்ல வருகிறார். அதற்குள் என் கேள்வி வந்து விழுகிறது. மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்டேன். மூன்று தடவையும் விழுந்தது. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று அப்போதே அவரை அழைத்தேன்.

என் குரலைக் கேட்டதும் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். நான் வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார்.

"மக்கா, பாஸாயிட்டியா?"

"ஆமாக்கா."

"முப்பது போதுமா இருந்துதா? இன்னும் கொறச்சுச் சொல்லியிருக்கலாமோன்னு பொறவு எனக்குத் தோணிச்சு."

"போதுமா இருந்துது அக்கா" என்றேன். ரொம்ப நன்றி என்றும் சொன்னேன். பிறகு போனை வைத்துவிட்டேன்.