தட்டாமல் அள்ளிய சருகு

ஒரு வீட்டுச் சன்னலின் உள்பக்கம் தொங்கிய கருநீலப் போர்வை இன்றும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் பகல் பத்து மணிக்கு ஒரு குவார்ட்டர்ஸ் சன்னலில் போர்வை தொங்கினால், உள்ளே யாரோ நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குகிறார் என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. கீரைக்காரம்மா அந்த வீட்டைத் தாண்டும்வரை குரல் கொடுக்க மாட்டார். லீவு நாளில் பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால்தான் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைப்பார்கள். அடுத்தவர் தூக்கத்துக்காக ஒரு தெருவே வாயைப் பொத்திக்கொண்டு நடப்பதைப் பார்த்து முதலில் சிரித்திருக்கிறேன்.

தோட்ட வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்த ஒருவரிடம் அப்போது நான் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தேன். பெயர்தான் பெரிது. மரம் கழிக்கிறவர் இடுப்பில் பெல்ட் மாட்டியிருக்கிறாரா, சருகு அள்ளுகிற பெண்கள் கையில் கிளவுஸ் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் டிக் அடிக்க வேண்டும். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஏழு பெண்கள் வருவார்கள். அவர்களுக்குத் தலைமையாக இருந்தவரை எல்லோரும் அக்கா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நெடுநெடுவென்ற உயரம், கட்டைக் குரல். வேலையில் கறார், வாயில் எப்போதும் கிண்டல். நான் தாளும் கையுமாக நிற்பதைப் பார்த்தால், "தம்பி பரிச்ச எழுதிக்கினு இருக்குது, யாரும் பேசாதீங்க" என்பார்.

கூட்டி வைத்த சருகுக் குவியலில் அவர்கள் நேராகக் கை வைக்க மாட்டார்கள். அக்கா ஒரு சவுக்குக் கழியால் தெருப்பக்கமிருந்து நாலைந்து தட்டு பலமாகத் தட்டுவார். பின்பக்கத்தை ஆள் நிற்காமல் காலியாக விடுவார்கள். உள்ளே எது இருந்தாலும் அந்தப் பக்கமாகப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் நிற்பார்கள். "எழுந்து போ சாமி, எங்களுக்கு வேல கெடக்குது" என்று குவியலைப் பார்த்து அக்கா சொல்வார். அதற்குப் பிறகுதான் அள்ளுவது. மாசி பங்குனியில் இலை கொட்டுகிற காலத்தில் எத்தனையோ பாம்புகள் அப்படி வெளியே போனதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் என் தாளில் முதல் விதியாக அதைத்தான் எழுதி வைத்தேன்: தட்டிய பிறகே அள்ள வேண்டும்.

மத்தியானம் அவர்கள் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தனி அறையில் குடியிருந்து ஓட்டல் பொட்டலம் பிரித்துத் தின்னுகிற என்னை, வந்த இரண்டாவது வாரமே அக்கா அந்த வட்டத்துக்குள் இழுத்துவிட்டார். கருவாட்டுக் குழம்பு வைத்த அன்றைக்கு எனக்கென்று ஒரு மூடியில் தனியாக எடுத்து வைத்திருப்பார். சும்மா சொல்லக் கூடாது, அந்த ஊரில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் வேலைக்குப் போன நாட்கள் உண்டு.

ஒருநாள் அந்தப் போர்வை வீட்டிலிருந்து ஒருவர் லுங்கியோடு வெளியே வந்தார். சுரங்கத்தில் பெரிய இயந்திரம் ஓட்டுகிறவர். கண் இரண்டும் சிவந்திருந்தன. வாரம் முழுக்கத் தூக்கமில்லை, சன்னலுக்குக் கீழே இப்படி மடார் மடார் என்று அடித்தால் எப்படி, ராத்திரி மிஷின்மேல் கண்ணயர்ந்துவிட்டால் நாலு பேர் உயிருக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் அதோடு விடாமல் காண்ட்ராக்டருக்கும் போன் போட்டுவிட்டார். காண்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டு, குப்பை அள்ளக்கூடச் சத்தமில்லாமல் அள்ளத் தெரியாதா என்று காய்ச்சி எடுத்தார். மறுநாள் காலை நான் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த வீட்டருகில் மட்டும் தட்டாமல் அள்ளிவிடச் சொன்னேன். அக்கா கழியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி தம்பி, நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு வழியா இல்லை? அந்த வீட்டை மட்டும் அவர் எழுந்த பிறகு சாயங்காலம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

பத்தே நாள். கண்ணாடி விரியன், வலது கையில், கிளவுஸையும் தாண்டிப் பல் இறங்கியிருந்தது. நான் ஓடிப்போனபோது அக்கா மண்ணில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதும் கத்தவில்லை, சன்னலில் போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதன் பிறகு மடங்கவில்லை.

விபத்து நடந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி, விதி பின்பற்றப்பட்டதா என்பது. நான் 'இல்லை' என்று எழுதினேன். எழுதியது பொய்யில்லை. எதற்காகப் பின்பற்றவில்லை என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை, நானும் ஓரத்தில் ஒரு வரி சேர்த்து எழுதவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறு என்ன.

விசாரணைக்கு அக்கா கட்டுப்போட்ட கையோடு வந்தார். கையால் வேலை செய்ய முடியாவிட்டாலும் ஆட்களைப் பார்த்துக்கொள்கிற வேலையிலாவது வைத்துக்கொள்வார்கள் என்று நம்பி வந்திருந்தார். விதியை மீறியவர் என்று முடிவானால் அதுவும் கிடையாது. விசாரித்த அதிகாரி, தட்ட வேண்டும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் அக்கா. பிறகு ஏன் தட்டவில்லை என்றதும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அந்த வூட்டுக்காரரு தூங்கிக்கினு இருந்தாருங்க" என்றார். தட்ட வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா என்று அதிகாரி கேட்டார். அக்கா பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். எனக்காக விட்ட நேரம் அது. நான் தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். கடைசியில், யாரும் சொல்லவில்லை என்றார்.

வெளி வராந்தாவில் என்னைத் தாண்டிப் போகும்போது மட்டும் நின்றார்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன் சார்."

அதுவரை என்னைத் தம்பி என்றவர். நான் ஏதாவது சொல்வதற்குள் படியிறங்கிவிட்டார்.

விதியை மீறியவர் என்றே முடிவானது, அக்காவுக்கு எந்த வேலையும் இல்லை. மற்ற ஆறு பேரும் தொடர்ந்து வேலைக்கு வந்தார்கள். மத்தியானம் அதே மரத்தடியில்தான் உட்கார்ந்தார்கள், என்னைக் கூப்பிடவில்லை. அக்கா இல்லாத வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். நான் என் பைக்கின்மேல் சாய்ந்து நின்று எலுமிச்சைச் சோறு தின்றேன். கம்மாபுரம் போகிற பஸ்ஸில் அக்காவின் ஊரைத் தாண்டிப் பல தடவை போயிருக்கிறேன். அந்த நிறுத்தம் வரும்போது இறங்குகிறவர்கள்போல் எழுந்து நின்றதுகூட உண்டு. ஒருமுறையும் இறங்கியதில்லை.

இப்போது வேறு காண்ட்ராக்டர், வேறு பதவி. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். பதினோரு வருடமாக ஒவ்வொரு வகுப்பிலும் அக்காவின் கதையைச் சொல்லி வருகிறேன். தட்டாமல் அள்ளிய ஒரு பெண்ணுக்கு என்ன ஆயிற்று பாருங்கள் என்று, விரல் மடங்காத கையை என் கையாலேயே நடித்தும் காட்டுவேன். பழைய ஆட்களும் வருடா வருடம் அந்த வகுப்புக்கு வந்தாக வேண்டும்; அக்காவோடு இருந்த அந்த ஆறு பேரும் பின்வரிசையில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருப்பார்கள். கதையைச் சொல்லிவிட்டு அறைக்குப் போனால் அன்றைக்கு யாரோடும் பேசப் பிடிக்காது. பேச யாரும் இல்லை என்பது வேறு.

சென்ற மாசியில் முன்வரிசையிலிருந்து ஒரு புதுப் பெண் கையைத் தூக்கினாள். "அவங்க ஏன் சார் தட்டல?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. நான் தண்ணீர் குடித்தேன். பிறகு, நான்தான் தட்ட வேண்டாம் என்று சொன்னேன் என்றேன்.

அந்த ஆறு பேரில் ஒருவர், நரைத்துப்போனவர், பின்வரிசையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"தெரியுங்க சார். நீங்க தட்ட வேணான்னு சொன்னத அக்கா எங்ககிட்ட சொல்லிட்டுதான் அன்னிக்கிக் குப்பைல கைய வச்சிது."

தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதால் வேறு யாருக்கும் தெரியாது என்றே நினைத்திருந்தேன். தலைமைக்காரியிடம் சொன்ன உத்தரவு அவர் ஆட்களுக்குப் போகாமல் எங்கே போகும்? அது எனக்கு உறைக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. பதினோரு வருடமாக அவர்கள் என் பொய்யை உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும்.

முன்வரிசைப் பெண் விடவில்லை. அப்படியானால் நைட் ஷிஃப்ட் வீட்டருகே தாங்கள் என்னதான் செய்வது என்று கேட்டாள்.

"தட்டுங்கம்மா" என்றேன். "யாராவது சண்டைக்கு வந்தா, நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவள் சரி என்று சொல்லவில்லை. திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். பின்வரிசையில் யாரும் தலையாட்டவில்லை.