பயணம் சொல்லி முடித்த பிறகு

எங்கள் அதிராம்பட்டினத்தில் வெளிநாடு போகிறவர்களுக்குப் பெட்டி கட்டுவது ஒரு வேலையே இல்லை. பயணம் சொல்வதுதான் வேலை. சொந்தம், சிநேகிதம், தெரு என்று ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, 'போயிட்டு வர்றேன், துஆ செய்யுங்க' என்று சொல்ல வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டாலும் போச்சு. அந்த வீட்டுப் பெண்கள் கல்யாண வீட்டில் நம்மைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

என் வீட்டுக்காரர் தௌபீக்குக்கு இந்தத் தடவை ஒரு யோசனை வந்தது. ரியாத்தில் பார்த்த கடை வேலை முடிந்து ஊருக்கு வந்திருந்தார். தோஹாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்திருந்தது. மாதப் பிறப்பில் சேர வேண்டும்.

"ஹுமைரா, பயணம் சொல்றத முன்னாடியே முடிச்சிடுறேன். கடைசி வாரம் பூரா உங்களோடதான். எவன் கூப்பிட்டாலும் போகமாட்டேன்" என்றார்.

எனக்கு வாயெல்லாம் பல். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் எனக்கென்று ஒரு வாரம் ஒதுக்கியதே கிடையாது. லீவில் வந்தால் பாதி நாள் விருந்து, மீதி நாள் ஜெக்கரியா.

ஜெக்கரியா அவருடைய உயிர்க் கூட்டாளி. ஜெக்கரியாவின் வாப்பா காதர் மைதீன் மாமா வீடு எங்களுக்கு நாலு வீடு தள்ளி. இவருடைய வாப்பா இவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மௌத்தாகிப் போய்விட்டார். பெருநாள் வந்தால் காதர் மாமா தன் மகனுக்கு எடுக்கிற அதே துணியில் இவருக்கும் சட்டை தைத்துக் கொடுப்பாராம். பயணம் சொல்லப் போனபோது மாமா படுக்கையில் இருந்தார். தன் கையைப் பிடித்துக்கொண்டு மாமா ரொம்ப நேரம் விடவில்லை என்று இவர் வந்து சொன்னார்.

சொன்ன சொல்படி அந்த வாரம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. பேராவூரணிப் பக்கம் தெரிந்தவர் தென்னந்தோப்புக்குப் போனோம். மகள் சபிஹா பம்பு செட் தொட்டியை விட்டு ஏறமாட்டேன் என்று அடம். இவர் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஈர மட்டையை ஊதி ஊதிக் கோழி வறுத்தார். உப்பை அள்ளிக் கொட்டிவிட்டார்.

"கோழியக் கடல்ல முக்கி எடுத்தீங்களா?" என்றேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

திரும்பி வந்த அன்றைக்கே ஏஜெண்டிடமிருந்து போன். சேர்கிற தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்களாம். இனி எப்போது என்று கம்பெனி சொன்னால்தான் தெரியுமாம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இவருக்கோ முகம் செத்துவிட்டது.

"ஊரெல்லாம் பயணம் சொல்லியாச்சே. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய போறது?"

"இருக்கிற மூஞ்சியத்தான். வேற ஒண்ணு வாங்கியா வச்சிருக்கீங்க?"

அவர் எழுந்து போய்த் தெரு ஜன்னலைச் சாத்தினார்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். சம்பாதிக்கிற மாப்பிள்ளைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. வேலையில்லாமல் பெண்டாட்டி வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனை ஊர் சும்மா விடுமா? 'இன்னும் போகலையா?' என்ற அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, அவ்வளவு பெரிய ஆள் அறைக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு விடியும் முன்பே பட்டுக்கோட்டை பஸ்ஸைப் பிடித்துப் போய், அங்கே தொழுதுவிட்டு, இருட்டிய பிறகு வருவார். ஜெக்கரியா வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, 'புது வேலை, பேச நேரமில்லை' என்று அனுப்பினார். அதை அனுப்பும்போது என்னைப் பார்க்கவில்லை.

என் உம்மா ரசியா பேகம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை ரியாத்திலிருந்து வந்த புதிதில் இடியாப்பமும் கறியும் வைத்தவர், இப்போது நாங்கள் சாப்பிடுகிற மீன் ஆணத்தையும் சோற்றையுமே அவருக்கும் வைத்தார். அதில் ஒரு கள்ளமும் இல்லை. எத்தனை நாள்தான் விருந்து சமைப்பது? அவருக்கு மட்டும் அது வேறு மாதிரி பட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது.

ஒரு நாள் சபிஹா பள்ளிக்கூடம் கிளம்பும்போது கேட்டாள். "வாப்பா எங்கன்னு டீச்சர் கேட்டா என்ன சொல்லட்டும்?"

"தோஹாவுலன்னு சொல்லும்மா."

அவள் வேன் ஏறியதும் நான் வெடித்துவிட்டேன். "புள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுக்கிறீங்களா? திருடினீங்களா, எவன் குடியையாச்சும் கெடுத்தீங்களா? எதுக்கு இப்படி ஒளிஞ்சு கெடக்குறீங்க?"

"உனக்குப் புரியாது" என்றார்.

புரியாமல் என்ன? போகாதீங்க என்று ஒவ்வொரு தடவையும் அழுத நான், இப்போது ஐந்து வேளையும் கையேந்தி, யா அல்லாஹ், இந்த மனுஷனைச் சீக்கிரம் அனுப்பி வை என்று கேட்டேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இப்படியே இருக்கும்போது ஒரு நாள் காலையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். காதர் மைதீன் மாமா மௌத்து. அடக்கம் சாயந்திரம் அஸர் தொழுகைக்குப் பிறகு.

இவர் டீ கிளாஸோடு எழுந்தார். வாசல்வரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். "நான் எப்படிப் போறது ஹுமைரா?"

நான் மட்டும் போனேன். மௌத்து வீடு நிறையப் பெண்கள். ஒருத்தியாவது உன் மாப்பிள்ளை எங்கே என்று கேட்கவில்லை. நல்லவேளை, போய்விட்டதாகவே நம்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தால் இவர் அதே இடத்தில் இருக்கிறார். டீயில் ஆடை படிந்திருந்தது.

எனக்கு வந்ததே கோபம். "மாமாவத் தூக்கிட்டுப் போற சந்தூக்கு நம்ம வாசலத் தாண்டித்தான் போகும். ஜன்னல் வழியா எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கப்போறீங்களா? உங்களுக்குச் சட்டை தச்சுக் குடுத்த மனுஷன்ங்க அவரு! எவன் என்ன கேட்டா என்ன? எழுந்திரிங்க!" சட்டையையும் தொப்பியையும் அவர் மடியில் எறிந்தேன். போட்டுக்கொண்டு போனார்.

மக்ரிப் தொழுத பிறகுதான் வந்தார். விரலிடுக்கில் மையவாடிக் குழியில் அள்ளிப் போட்ட மண். தானே சொல்லத் தொடங்கினார்.

சந்தூக்குக்குத் தோள் கொடுத்தாராம். யாரும் எதுவும் கேட்கவில்லையாம். அடக்கம் முடிந்ததும் ஜெக்கரியாவைக் கட்டிக்கொண்டு, "நான் போகவே இல்லடா, இங்கதான் இருந்தேன்" என்றாராம்.

"தெரியும்டா" என்றானாம் ஜெக்கரியா. "தெருவுக்கே தெரியும். மாடியில காயுற கைலி யாருதுன்னு தெரியாதா? உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான் யாரும் உன் வீட்டுப் பக்கம் வரல."

அதோடு அவன் விட்டிருக்கலாம். விடவில்லை.

"வாப்பாதான் கடைசிவரைக்கும் உன்னக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒருதரம் பாத்துடுறேன், கூப்பிடுங்கன்னாங்க. உன் மானம் போயிடக் கூடாதேன்னு, அவன் போயிட்டான் வாப்பான்னு நாங்களே சொல்லிட்டோம்."

நாலு வீடு. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் போய்விட்டு வந்திருக்கலாம்.

"என்னக் கேட்டாங்களாம் ஹுமைரா" என்றவர், மண் கையை முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். வாசல் கதவு திறந்து கிடந்தது. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் கதவைச் சாத்த எழுந்தேன்.

"கெடக்கட்டும், விடு" என்றார்.