பாட்டுக்குக் கரையை விட்ட லுஸ்விமிந்தா

லுஸோன், விசாயாஸ், மிந்தனாவோ என்று நாட்டின் மூன்று தீவுக்கூட்டங்களையும் வெட்டி ஒட்டி, மகளுக்கு லுஸ்விமிந்தா என்று பெயர் வைத்தார் அவளுடைய அப்பா. பெயர்தான் நாடு முழுக்கப் பரந்து கிடந்தது. ஆள் வெகுநாள்வரை எங்கள் ரோஹாஸ் துறையைத் தாண்டியதில்லை.

அந்தத் துறையிலிருந்து பனாய் தீவுக்குப் போகிற கப்பலில் நான் காண்டீன் நடத்துகிறேன். மணிலா பஸ்களெல்லாம் கப்பலின் வயிற்றுக்குள் ஏறி நின்றுகொள்ளும். பயணிகள் கொட்டாவி விட்டபடி மேல்தளத்துக்கு வருவார்கள். அவர்கள் உட்காருவதற்குள் லுஸ்விமிந்தா கூடையோடு வந்து நிற்பாள். கூடையில் சுமான். ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலில் போட்டு, வாழையிலையில் சுருட்டி வேகவைத்தது. என் நூடுல்ஸுக்கு வெந்நீர் கொதிப்பதற்குள் பாதி வயிறுகள் நிரம்பிவிடும்.

"அக்கா, எனக்கும் நாலு பேரை மிச்சம் வைங்க."

"அட போ தம்பி. என் சுமானைத் தின்னா விக்கும். விக்கினா உன்கிட்டதான தண்ணி வாங்குவாங்க? உனக்கு நல்லதுதான் பண்றேன்."

ஆனால் சங்கு ஊதியதும் முதல் ஆளாக இறங்கிவிடுவாள். "கப்பல் எனக்குப் பிடிக்கும், கடல்தான் ஆகாது" என்பாள்.

அன்றைக்கு ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது. மாப்பிள்ளை வீட்டார். பனாயில் நபாஸ் என்ற ஊரில் சாயங்காலம் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா பெயர் பெர்பெக்தா. விருந்தில் அவர்தான் பாடப்போகிறாராம். இரவெல்லாம் ஏ.சி. பஸ்ஸில் வந்ததில் தொண்டை கட்டியிருந்தது. அப்படியும் எங்கள் கப்பல் கரோக்கே பெட்டியில் காசைப் போட்டு ஒத்திகை பார்த்தார். பெட்டி நாற்பது மார்க் போட்டது.

"பெட்டிக்கு இரக்கமே இல்ல," என்றாள் பின்னால் நின்ற லுஸ்விமிந்தா. "ஆனா பொய் சொல்லல."

பெர்பெக்தா திரும்பினார். "என்னம்மா சுமான்காரி, எங்க, நீ பாடு பாப்போம்."

லுஸ்விமிந்தா கூடையைக் கீழே வைத்தாள். மைக்கை ஏப்ரனால் துடைத்தாள். பழைய காதல் பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தாள். நான் வெந்நீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன். தினமும் "சுமான், சுமான்" என்று கத்துகிற தொண்டைக்குள் இது எங்கே இருந்தது?

பெட்டி நூறு மார்க் போட்டு, எக்காளம் முழக்கியது. "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கூட்டம் கத்தியது. அந்த அமளியில் கப்பல் சங்கு ஊதியது யார் காதிலும் விழவில்லை. மூன்றாவது பாட்டின் நடுவில் அவள் தற்செயலாக வெளியே பார்த்தாள். கரையோரத் தென்னைமரங்கள் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தன.

"ஐயோ, துறை எங்க போகுது?"

அதை மைக்கிலேயே கேட்டாள். அந்த அலறலுக்கும் பெட்டி தொண்ணூற்றெட்டு போட்டது.

"கப்பலைத் திருப்புங்க" என்று மாலுமியைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, இது என்ன உங்க வீட்டு ட்ரைசைக்கிளா, ஒடிச்சுத் திருப்ப?" என்றான் அவன். அதற்குள் அவளுடைய போன் அடித்தது. துறையில் தன் சவாரி ட்ரைசைக்கிளோடு காத்திருந்த கணவன் தெல்ஃபின். அவன் குரல் தளம் முழுக்கக் கேட்டது.

"எங்கடி இருக்க?"

"கப்பல்ல."

"கப்பல் போயிடுச்சேடி!"

"அதுலதான்!"

"யாரைக் கேட்டுப் போன?"

"நான் எங்கய்யா போனேன்? நான் நின்ன இடத்துலதான் நிக்கறேன். கப்பல்தான் போகுது."

பிறகு தெல்ஃபின் மெதுவாகக் கேட்டான்: "அப்ப சோறு?"

"அரிசியைக் கழுவி அடுப்புல வை. மூடியைத் திறந்து திறந்து பாக்காத."

போனை வைத்ததும் என் கடையோரத் தூணைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணை இறுக மூடி, தெரிந்த புனிதர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அலை தூக்கும்போதெல்லாம் குரல் உயர்ந்தது. நான் இஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். தூணை விடாமல், நான் பிடித்த கோப்பையிலேயே குடித்தாள். விளையாட்டுப் பயமில்லை அது.

பெர்பெக்தா வந்து பக்கத்தில் குந்தினார். இதற்குள் அவருக்குக் குரலுக்குப் பதில் காற்று மட்டும்தான் வந்தது. "என் தொண்டை போச்சு. கல்யாணத்துல நீதான் பாடணும்."

"காலைப் பாருங்கம்மா. ரப்பர் செருப்பு."

"பாட்டைக் காலாலயா பாடப்போற?"

லுஸ்விமிந்தா ஒரு கண்ணைத் திறந்தாள். "லெச்சோன் உண்டா?"

"முழுப் பன்றி. ரெண்டு வாட்டறாங்க."

தூணிலிருந்து ஒரு கையை எடுத்தாள்.

மறுநாள் திரும்பும் கப்பலில் மிச்சத்தை அவளே சொன்னாள். பெர்பெக்தாவின் நீலக் கவுன் தொளதொளவென்றிருந்ததால் முதுகெல்லாம் ஊசி குத்தி மாட்டிவிட்டார்களாம். மூச்சை இழுத்தால் ஊசி குத்துமாம். ஒவ்வொரு பாட்டையும் பெண்ணின் அப்பா திரும்பப் பாடச் சொன்னதில், மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடியே களைத்துப்போனார்களாம்.

"எல்லாரும் சாப்பிடறத நிறுத்திட்டாங்க தம்பி," என்றாள். "லெச்சோன் முன்னால உக்காந்திருந்தவங்க! எனக்கே பயமாயிடுச்சு." சொல்லும்போது கம்பியைப் பிடித்தபடி நின்றுதான் இருந்தாள். கண் திறந்திருந்தது.

துறையில் தெல்ஃபின் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். வாழையிலைப் பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே மொறுமொறுவென்று பன்றித்தோல்.

"எனக்கொண்ணும் வேணாம்," என்றான். கை அதற்குள் பிரித்துவிட்டது.

"சோறு ஆக்கினியா?"

"கருகிடுச்சு."

"பாக்கலையா?"

"நீதான திறக்காதன்ன!"

அதன்பிறகு பனாய்க்காரர்கள் அவளை விடவில்லை. ஞானஸ்நானம், பிறந்தநாள், ஊர்த் திருவிழா என்று மாதம் ஒருமுறையாவது அழைப்பு வரும். டிக்கெட் எடுத்து, சொந்தமாகத் தைத்த மஞ்சள் கவுனில் பயணியாக ஏறுவாள். சுமான் கூடை இல்லாத அந்த நாட்களில் என் நூடுல்ஸ் பறக்கும். ஆனாலும் கூடைக்காரி இல்லாத குறை தெரியாது, வழி முழுக்கப் பாடிக்கொண்டே வருவாள்.

இந்த மாதம் தெல்ஃபினும் கூட வந்தான். "பொம்பளைய தனியா அனுப்பக் கூடாது" என்று என்னிடம் மிடுக்காகச் சொல்லிவிட்டு, ஏறிய கையோடு என் பெஞ்சில் சாய்ந்துவிட்டான். முகம் பச்சை மாங்காய் நிறம். கையில் பிளாஸ்டிக் பை. லுஸ்விமிந்தா அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எவ்வளவு தூரம்டி?" என்று முனகினான்.

"கொஞ்சம் பொறுய்யா," என்றாள். "கப்பல் இன்னும் கிளம்பவே இல்ல."