மாமியின் பேணி

எங்கள் அடுப்படி ஆணியில் பிடி வைத்த, விளிம்பு நெளிந்த ஒரு சில்வர் குவளை தொங்குகிறது; எங்கள் பேச்சில் பேணி. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் முட்டாள்தனம் ஞாபகத்துக்கு வரும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: கலியாணமான இரண்டாம் மாதமே, கடுமையாக ஒரு வார்த்தை பேசாமல், முகம்கூடச் சுளிக்காமல், என் மாமியாரை எங்கள் வீட்டுக்கு வரவிடாமல் செய்தவன் நான். அதற்கு எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு பை நிறையக் கறிச் சரக்குச் சாமான்தான்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வான். நானும் அப்படித்தான் கிரானிலிருந்து தன்னாமுனைக்கு வந்து சேர்ந்தேன். மாமா முன்பே காலமாகிவிட்டார். மாமி கல்வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில், தென்னைகளுக்கு அப்பால் கட்டிய ஓர் அறை வீட்டுக்குப் போனார். போகுமுன் மகளின் அடுப்படியை நிரப்பிவிட்டார். வறுத்து இடித்த கொச்சிக்காய்த்தூள், மஞ்சள், மல்லி, நற்சீரகம், மிளகு, கடுகு, வெந்தயம், கறுவா, ஏலம், கராம்பு, ஒரு சட்டி நிறைய உப்புப் போட்டுப் பிசைந்த பழப்புளி. தனக்கென்று கொண்டுபோனது ஒரு உப்புச் சாடியும் இந்தப் பேணியும்தான்.

மறுநாளே பேணி மாமியின் கையில் திரும்பி வந்தது. "மகள், கொஞ்சம் கடுகு தாகா." அடுத்த நாள் மஞ்சள். அதற்கடுத்த நாள் மிளகு. கடுகுக்கு வந்தவர் கறிச்சட்டியைத் திறந்து பார்ப்பார், "புளி காணாது" என்பார், மகளின் தலையில் பேன் பார்ப்பார். ஒரு மணித்தியாலம் கழித்துப் பேணியைப் பார்த்தால் அடியில் பத்துக் கடுகு கிடக்கும்.

நான் யோசித்தேன். அதுதான் பிழை. தான் நிரப்பிய போத்தலில் தானே கையேந்துவது அந்த மனுசிக்கு எவ்வளவு வெட்கம் என்று எனக்கு மனம் உருகிப்போயிற்று. சைக்கிளை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்கு மிதித்தேன். நான் கேட்ட அளவைப் பார்த்துக் கடைக்கார நானா, "ஆர்ர கலியாணம் தம்பி?" என்றார். பெருமையோடு சிரித்துவிட்டு வந்து, மூடி போட்ட போத்தல்களில் எல்லாவற்றையும் நிரப்பி மாமியின் சுவர்த் தட்டில் வரிசையாக அடுக்கினேன்.

"இனி நீங்க ஒண்டுக்கும் அலையத் தேவல்ல மாமி."

மாமி அந்தப் போத்தல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம் மருமகன். நல்ல வேலை செஞ்சிரிக்கீங்க" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் மாமி வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தென்னைகளுக்கு அப்பால் புகை மட்டும் எழும்பியது. பத்து மணியானால் என் மனைவி பின்கதவைப் பார்ப்பாள், பிறகு அகப்பையைப் பார்ப்பாள். எட்டாம் நாள் சட்டி மூடியை எடுத்து நிலத்தில் அடித்தாள்.

"எங்கட அம்மா கடுகுக்கா வந்தவ? வீட்டக் குடுத்துப்போட்டுச் சும்மா வந்து நிண்டா மருமகன் என்ன நினைப்பாரோ எண்டுதான் அவ பேணியோட வந்தவ. வாறதுக்கு அவக்கு இருந்த ஒரே சாக்கையும் நீங்க போத்தல்ல அடைச்சு மூடிட்டீங்க!"

அன்றைக்கு மத்தியானமே பின்வீட்டு வாசலில் போய் நின்றேன். "மாமி, கொஞ்சம் நற்சீரகம் தாங்க."

"நான் அரைக் கிலோ போட்டு வெச்சிட்டெல்லோ வந்த நான்? அதுல குளிச்சீங்களா மருமகன்?"

"முடிஞ்சு போச்சு மாமி."

மாமி என் கையைப் பார்த்தார். அவசரத்தில் ஏனம் எதுவும் கொண்டுபோகாமல் வெறுங்கையோடு போயிருந்தேன். அவர் உள்ளே போய் இந்தப் பேணியை விளிம்பு முட்ட நிரப்பிக்கொண்டு வந்து தந்தார். மறுநாள் காலை பத்து மணிக்குப் பின்கதவில் சத்தம் கேட்டது: "மகள், என்ட பேணி இஞ்ச கிடக்கு." உள்ளே வந்தவர் நேரே போய்க் கறிச்சட்டியைத் திறந்தார். அதற்குப் பிறகு கண் மூடும் வரை அவர் வராத நாள் இல்லை.

இந்த வருடம் எங்கள் மகளுக்குக் கலியாணம் நடந்தது. இப்போது அந்தப் பின்வீட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். பத்து மணியானால் அவள் பேணியோடு கல்வீட்டுக்குப் போவாள். மருமகன் கொக்கட்டிச்சோலைப் பொடியன், தங்கமான பிள்ளை. போன கிழமை ஒரு பை நிறையச் சரக்குச் சாமானோடு வந்து நின்றான்.

"மாமா, இனி மாமி ஒண்டுக்கும் அலையத் தேவல்ல."

என் மனைவி பையை வாங்கி உள்ளே பார்த்தாள். "நல்ல வேலை செஞ்சிரிக்கீங்க மகன்" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பேணி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த முறை எட்டு நாள் காத்திருக்க நான் தயாராக இல்லை. விடிந்ததும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கல்வீட்டுப் பின்கதவில் போய் நின்று, "மகள், அம்மாக்குக் கொஞ்சம் நற்சீரகம் வேணுமாம்" என்றேன். மருமகன் பாவம், திகைத்துப்போனான். "மாமா, நேத்துத்தானே நான்..." என்று தொடங்கினான்.

மகள் அவனைக் கையால் அடக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். கடைசியில் அவள் கண் என் இரண்டு வெறுங்கைகளிலும் வந்து நின்றது.

"உங்களுக்கு இது சரிவராதுப்பா. போய் அம்மாவ அனுப்புங்க. அவக்காவது பேணி கொண்டு வரத் தெரியும்."