கம்பெனி மாவு

காலையில் எழுந்து வெறுங்காலோடு மொட்டை மாடிக்குப் போனால் உள்ளங்காலில் நறநறவென்று ஒட்டிக்கொள்ளும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால், அத்தாவின், அதாவது என் அப்பாவின், தையல் கடையில் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டால் வருமே, அதே இரும்பு ருசி. எங்கள் தெருவில் அதற்குக் 'கம்பெனி மாவு' என்று பெயர். யார் வைத்த பெயரோ தெரியாது, ஆனால் மாவு என்றால் மாவேதான்; சலித்தெடுத்த கேழ்வரகு மாவு போல அவ்வளவு நைசாக, கன்னங்கரேலென்று, கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டைமேல், மூட மறந்த தண்ணீர்க் குடத்துக்குள், முருங்கை இலைமேல், தூங்குகிற பிள்ளையின் மூக்கோரத்தில் என்று விடிவதற்குள் எல்லா இடத்திலும் இறங்கியிருக்கும். இதை எழுத உட்காரும்போதெல்லாம் பாதியில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருகிறேன். இன்றைக்கே இரண்டு முறை எழுந்தாயிற்று.

அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தெரு. முப்பது வீடுகள், கிழக்கு முனையில் கொஞ்சம் புறம்போக்கு, அதைத் தாண்டினால் கம்பெனி. பழைய இரும்பை லாரி லாரியாகக் கொண்டுவந்து உருக்கிக் கம்பியாக்குகிற ஆலை அது. தொண்ணூறுகளின் நடுவில், நான் மூன்றாவது படிக்கும்போது வந்தது. வரும்போது ஊருக்கே வேலை என்றார்கள். எங்கள் தெருவில் நாலு பேருக்குக் கேட் காவலும் லாரியில் சரக்கு இறக்குகிற வேலையும் கிடைத்தன, மாவு மட்டும் முப்பது வீட்டுக்கும் கிடைத்தது.

என் தம்பி சலீமுக்கு அப்போது நாலு வயது. அவனுக்கு 'இழுப்பு'. உலையைத் திறக்கிற நாள்களில் அவன் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது மாதிரி ஒரு சத்தம் கேட்கும். விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வெளியே வரும். பேச வாய் திறப்பான், பேச்சு வராது, கண் மட்டும் எங்களைப் பார்க்கும். அம்மா அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, நல்லவர், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுப் புகை இல்லாத இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோங்கள் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தாள்: "எங்கத்த போறது? வூட்டத் தலையில தூக்கிகினு போறதா? வந்தவன் அவன், போறது நாமளா?"

அம்மா அப்படிச் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்காவை, கரும்பு வெட்டப் போகிறவள், வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும், அவளைக் கூட்டிக்கொண்டு ஆறேழு பெண்களாகக் கம்பெனி கேட்டுக்கே போய்விட்டாள். நானும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மேனேஜர் என்று ஒருவர் வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்து, நாற்காலிகூடப் போடச் சொல்லாமல், நின்ற வாக்கில் சொன்னார்: "உங்க தெருவே அழுக்கு. விறகு எரிக்கிறீங்க, குப்பையைக் கொளுத்துறீங்க, அந்தக் கரிதான் உங்க வீட்டுல விழுது. முதல்ல வீட்டைச் சுத்தமா வெச்சுக்கப் பழகுங்க."

ஒரு நாளைக்கு மூன்று முறை கூட்டி, இரண்டு முறை துடைத்து, படுக்கை விரிப்பை வெந்நீரில் அலசிப் போடுகிறவளைப் பார்த்து ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டார். வீடு வரும் வரை அம்மாவின் காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். அந்தப் பேச்சுதான் பின்னால் எங்களைக் கவிழ்த்தது.

தெருக்காரர்கள் கம்பெனிப் புகையைப் பற்றி அரசாங்கத்துக்கு மனு கொடுத்தார்கள். செங்கல்பட்டில் ஒரு அலுவலக வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து எழுதித் தருகிறவரிடம் எழுதி வாங்கி, முப்பது வீட்டுக் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து. மூன்று மாதம் கழித்துத் தபால் வந்தது: வருகிற புதன்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்வையிடுவார். தெருவே கொண்டாடியது. உடனே, யாரும் யாருக்கும் சொல்லாமலே, செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கிவிட்டது. ஒட்டடைக் கம்பு வந்தது, சுண்ணாம்பு வாளி வந்தது, குழாயடியில் குடங்கள் முண்டின. "ஆபீசரு வர்றாரு, அழுக்குப் புடிச்ச ஜனம்னு நெனச்சிகினு போவக் கூடாது" என்றாள் அம்மா. கூரையைக் கழுவினார்கள், சுவரைக் கழுவினார்கள், கன்னியம்மா அக்கா வாளி வாளியாய் வீசி முருங்கை மரத்தையே குளிப்பாட்டினாள். ஜன்னல் விளிம்புகள் என் பொறுப்பு. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, கடைசியில் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்த ஞாபகம் இருக்கிறது. முப்பது வீட்டில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கழுவுவது எங்கள் கையிலேயே ஊறியிருந்தது. அதிலும் அழுக்கு என்று பேர் வாங்கியிருந்தோம்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். குடையோடு, வியர்வையோடு, நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தெரு நெடுகக் கோலம். எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பில் சுட்டுவிரலால் ஒரு இழுப்பு இழுத்து, விரலைத் திருப்பிப் பார்த்தார். எதுவும் இல்லை.

"எங்கம்மா கரி? ரொம்ப சுத்தமாத்தானே வெச்சிருக்கீங்க" என்றார்.

அம்மா சிரித்தாள். ஒரே ஒரு கணம், முகம் முழுக்க மலர்ந்து, வெட்கப்பட்டுச் சிரித்தாள். அதற்குள் என்ன நடந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்து, அந்தச் சிரிப்பு வாயிலேயே நின்றுபோனது. அவளை அப்படி ஒரு பாராட்டுக்கு ஏங்க வைத்த அந்த மேனேஜரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"இல்ல சார், நேத்து வரைக்கும் இருந்திச்சி சார். நாங்கதான் தொடச்சிட்டோம்."

"புகையும் காணோமே?"

"இன்னிக்கு நிறுத்திட்டாங்க சார். நீங்க வர்றது அவங்களுக்கும் தெரியும்."

"நான் பாத்ததைத்தானேம்மா எழுத முடியும்" என்று அவர் வருத்தமாகவே சொன்னார். கலர் சோடா குடித்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் கன்னியம்மா அக்கா தெரு நடுவில், கோலத்தின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்: "அடிப்பாவிங்களா! நம்ம சாட்சிய நாமளே கழுவி ஊத்திட்டோமேடி!" சாயங்காலம் கம்பெனிப் புகைக்குழாய் மறுபடி கறுப்பாகக் கக்கியது. அந்த வாரம் சலீமை இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு முடிவு எடுத்தாள். இனிமேல் துடைக்கக் கூடாது. சமையல் பாத்திரமும் சலீம் படுக்கிற இடமும் மட்டும் சுத்தமாக இருக்கும். ஜன்னல், சுவர், மாடி, மரம் எதையும் எவரும் தொடக் கூடாது, அதிகாரி மறுபடி வந்து பார்க்கும் வரை. இரண்டாவது மனுவில், வருகிற தேதியைச் சொல்லிவிட்டு வராதீர்கள் என்று தனியாக ஒரு வரி எழுதச் சொன்னாள். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் அந்தப் பெண்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அம்மாவின் கை நிற்காது. துணியை எடுப்பாள், ஜன்னல் வரை போவாள், திரும்புவாள், அந்தத் துணியால் தன் கையையே துடைத்துக்கொண்டு நிற்பாள். அந்த வருஷம் பொங்கலும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்தன. பொங்கலுக்குக்கூடவா வெள்ளையடிக்காமல் இருப்பது என்று தெருவில் முணுமுணுப்பு எழுந்தபோது கன்னியம்மா அக்காதான் அதட்டினாள்: "இன்னா இப்ப? அடுத்த வருசம் ரெண்டு தபா அடிச்சிக்கலாம். பாயம்மா புள்ள மூச்சுக்கு முட்டிகினு கெடக்குது, உனக்குச் சுண்ணாம்பு கேக்குதா?" கறுத்த சுவருக்கு முன்னால் பானை வைத்துப் பொங்கினார்கள். பொங்கல் சொம்பை அவள் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது தட்டைப் போட்டு மூடி, மேலே ஒரு துணியும் கட்டியிருந்தாள்.

பெருநாளைக்குச் செங்கல்பட்டிலிருந்து சின்னம்மா வந்தாள். படியேறியதுமே மூக்கைச் சுளித்தாள். "இன்னாக்கா இது, வூடா இது? நாலு பேரு வந்து போற நாளு, வெக்கமா இல்ல உனுக்கு?" என்று துணியை எடுத்தவள் கையை அம்மா பாய்ந்து பிடித்தாள். "தொடாத. அது எங்க அழுக்கு இல்ல." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், சேமியாவைக் கிளறுகிற சாக்கில் அவள் அழுததை நான் பார்த்தேன். எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், அன்றைக்குச் சின்னம்மா பக்கம்தான் நான் இருந்தேன்.

மாசி கழிந்து ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், அதே அதிகாரி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். அதே ஜன்னலில் விரலை வைத்தார். விரல் முதல் கணு வரை கறுத்துப்போனது. என் நோட்டிலிருந்து ஒரு தாள் கேட்டு வாங்கி, மாவை வழித்து மடித்து எடுத்துக்கொண்டார். அன்றே எல்லாம் முடிந்துவிடவில்லை. நோட்டீஸ் வந்தது, புகையை வடிகட்ட ஒரு பெட்டி வைத்தார்கள், யாராவது வருகிற நாளில் மட்டும் அது ஓடியது. மறுபடி மனு, மறுபடி துடைக்காத சுவர். இப்படியே இழுத்து இழுத்து, நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு, இரண்டாயிரத்துக்கு அப்புறம்தான் ஒரு வழியாக ஆலையை மூடினார்கள். உலையைப் பிரித்து லாரிகளில் ஏற்றிய அன்று தெருவில் சரவெடி வெடித்தோம்.

இப்போது அந்த இடத்தில் மனைகள். கலர் கொடிகள் நட்டு, 'மாசில்லாத காற்று' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். தெருவில் பாதிப் பேர் விற்றுவிட்டுப் போனார்கள். கன்னியம்மா அக்கா இல்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், அந்த முருங்கையையும் வெட்டிவிட்டார்கள். கம்பெனி மாவு என்று சொன்னால் அங்கே இருக்கிற பிள்ளைகளுக்குப் புரியாது. சலீம் சென்னையில் இருக்கிறான். மார்கழி பிறந்தால் சட்டைப் பையில் மருந்துப் பம்பு இல்லாமல் வெளியே கிளம்ப முடியாது. இந்தக் கதையை அவன் பெருமையாகச் சொல்வான். நானும் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், சரவெடியோடு நிறுத்திவிடுவேன், கை தட்டுவார்கள்.

ஆனால் அது அங்கே முடியவில்லை. வெடி வெடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா ஒரு லாரி டிரைவரைக் கேட்டாள்: "இதெல்லாம் எங்கப்பா போவுது?" திண்டிவனம் தாண்டி ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னான். "அங்க வூடுங்க கீதா?" "வூடு இல்லாத ஊரு எங்கம்மா கீது?" என்று சிரித்துவிட்டுப் போனான். எட்டு மாதம் கழித்து அம்மா பெருநாள் புடவையைக் கட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் பஸ் ஏறினாள். முன்பின் தெரியாத ஒரு வீடு. அந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, சேலைத் தலைப்பால் அவசர அவசரமாகத் துடைக்கக் குனிந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொடைக்காதம்மா. அப்படியே இருக்கட்டும்" என்று அந்தக் கரியின் மேலேயே உட்கார்ந்தாள். எங்கள் கதையை முழுக்கச் சொன்னாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தியின் இடுப்பில் இருந்த குழந்தைக்கு நெஞ்சில் அந்தச் சத்தம் கேட்டது. எனக்கும் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டது. படித்த பெண்ணாயிற்றே, நீயே மனு எழுதிக் கொடேன் என்று அந்தத் தாய் என்னைக் கேட்டாள். பேனா கொண்டுவரவில்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்றேன்.

அடுத்த வாரம் பரீட்சை இருந்தது. அப்புறம் வேறு ஏதோ இருந்தது. அம்மா இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள். மூன்றாம் முறை என்னைக் கேட்காமல் தனியாகப் போய் வந்தாள், போன இடத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் குழந்தை பிழைத்துக் கிடந்தால் இப்போது கல்யாண வயது இருக்கும். பெயர்கூட எனக்குத் தெரியாது.