வினிகரும் சிப்பி ஓடும்

சுன்தாவ் அதிகம் பேசுகிறவள் என்று துங்ஷி கடற்கரையில் எல்லோரும் சொல்வார்கள். நாற்பது வருடமாகச் சிப்பி பிரிக்கும் கொட்டகையில் குந்தி உட்கார்ந்து, ஒரு கையில் கத்தியும் மறு கையில் சிப்பியுமாகக் காலத்தைக் கழித்தவள் வாயையாவது சும்மா வைத்திருக்க வேண்டுமா என்ன? அவளுடைய வீட்டுக்காரர் தியென்வாங் நேர் எதிர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார். அதில் ஆறு வண்டியைப் பற்றியதாக இருக்கும். கோடையில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபின் அந்தப் பத்தும் இரண்டாகக் குறைந்தது. அவையும் பெரும்பாலும் 'வேண்டாம்' என்பதுதான்.

டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். முதல் ஆறு மாதம்தான் முக்கியம். வாரம் இரண்டு நாள் நகரத்து மருத்துவமனைக்கு வந்து பயிற்சி செய்தால் கை திரும்பலாம். ஆறு மாதம் தாண்டினால் எது எப்படி விறைத்ததோ அது அப்படியே நின்றுவிடும். வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிவிட்டது. தியென்வாங் ஒருநாளும் போகவில்லை. நோயாளிகளை ஏற்றிப்போகிற வெள்ளை வேன் இரண்டு முறை வாசலுக்கு வந்து வெறுமனே திரும்பியது. தூரத்துக் காவ்ஷியோங் நகரத்தில் இருக்கும் மகள் காரோடு வந்து ஒரு பகல் முழுக்கக் கெஞ்சினாள். தன்னைச் சிப்பி மூட்டை மாதிரி தூக்கிப்போட யாரும் வர வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் அழுதுகொண்டே போனபிறகு, கோணிய வாயால் ஒன்று மட்டும் சொன்னார்.

"என் வண்டின்னா வரேன்."

அவருடைய வண்டி என்பது சிப்பி மூட்டை ஏற்றும் மூன்று சக்கர மோட்டார் வண்டி. மூட்டையாக மாட்டேன் என்றவர் மூட்டை வண்டியைத்தான் கேட்டார் என்பதைச் சுன்தாவ் கவனிக்காமல் இல்லை. வியாபாரிகள் கொட்டகைக்கே லாரி கொண்டுவரத் தொடங்கியபின் ஆறு வருடமாக அது தகரக் கூரையின் கீழ் நிற்கிறது. உப்புக் காற்றில் அதன் பெட்ரோல் டேங்க் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று தியென்வாங்குக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அப்படி வாக்குக் கொடுத்தார். தெரிந்துதான் கொடுத்தார் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் வாக்கு வாக்குதான் என்று பிடித்துக்கொண்டாள்.

மெக்கானிக் ஆகுவெய்யை மறுநாளே வரவழைத்தாள். அவன் மூடியைத் திறந்து மூக்கை வைத்தான். உடனே மூடிவிட்டான்.

"அண்ணி, உள்ள இருக்கறது பெட்ரோல் இல்ல. ஏதோ கஷாயம்."

இந்த மாடலுக்கு வேறு டேங்க் எங்கும் கிடைக்காது என்றான். இஞ்சினை அவன் பார்த்துக்கொள்வானாம். ஆனால் இந்தத் துருவோடு ஓட்டினால் கார்புரேட்டர் நாலு கிலோமீட்டரில் அடைத்துக்கொள்ளும். டேங்கைக் கழுவ நாலைந்து நாள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அதற்கு அவனுக்கு நேரமில்லை. டேங்கைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு வழி சொன்னான்: சகதியை வடித்து, சோப்புத் தண்ணீரில் அலசி, உள்ளே கனமாக, கூராக ஏதாவது போட்டு, புளிப்பாக ஏதாவது ஊற்றிக் குலுக்க வேண்டும். என்ன போடுவது என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவன் கடையில் கையை நீட்டினால் நட்டும் போல்ட்டும் கிடைக்கும். அவள் முற்றத்தில் கையை நீட்டினால் என்ன கிடைக்கும்? ஆள் உயரத்துக்குச் சிப்பி ஓடு குவிந்து கிடக்கிறது. அந்த ஊரில் சாலைப் பள்ளத்துக்கும் அதுதான், கோழித் தீவனத்துக்கும் அதுதான்.

சகதி சோயாப் பசை மாதிரி கறுப்பாக, கட்டியாக விழுந்தது. பழைய வார்னிஷ் நாற்றம். நெருப்புக்குப் பயந்து அன்று வீட்டுச் சாமிக்கு ஊதுபத்திகூட ஏற்றவில்லை; சாமியும் ஒருநாள் இருமாமல் இருக்கட்டும் என்றாள். வெந்நீரும் பாத்திர சோப்புமாக ஏழு தடவை அலசினாள். ஓடுகளைச் சுத்தியலால் பொடித்துப் போட்டாள். எட்டு பாட்டில் அரிசி வினிகரை ஊற்றினாள். ஓட்டைகளைத் துணியால் அடைத்து, டேங்கைப் பழைய ரஜாய்ப் போர்வையில் சுற்றி, மடியில் போட்டு ஆட்டினாள். புஸ்ஸென்று நுரை பொங்கித் துணி தெறித்து விழுந்தது. கொட்டகைப் பெண்கள் கத்தியோடு எழுந்து வந்து பார்த்து, துரு சாகிறது, அதுதான் இந்தச் சத்தம் என்றார்கள். சுன்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் வடித்தால் பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தாள். துரு இருந்த இடத்தில் இருந்தது. அதன்மேல் மாவு பூசினாற்போல் ஒரு வெள்ளை. வினிகர் போதவில்லை என்று முடிவு கட்டி இன்னும் எட்டு பாட்டில் ஊற்றினாள். ஓடும் இரண்டு பங்கு.

இதையெல்லாம் தியென்வாங் கட்டிலில் சாய்ந்தபடி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் நிம்மதியாக இருந்தார். இந்த வேகத்தில் போனால் ஆறு மாதம் என்ன, ஆறு வருடமானாலும் வண்டி கிளம்பாது. இரண்டாம் நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வண்டி ஓடக்கூடாது என்பது அவருடைய விருப்பம். ஆனால் அந்த டேங்க் தன் கண்ணெதிரே தப்பாகக் கழுவப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு விஷயம். தன் ஸ்பேனரை இன்னொருவன் தொட்டாலே தூக்கம் கெடுகிற மனிதர்.

மூன்றாம் நாள் காலை அவள் மறுபடி ஓடு பொடிக்கச் சுத்தியலை ஓங்கியபோது, உள்ளே முக்காலி உருண்டு விழும் சத்தம் கேட்டது. திரும்பினாள். இடக்கையால் நிலையைப் பற்றிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, அவர் வாசலில் நின்றார். கட்டிலிலிருந்து அங்கே பதினொரு எட்டு தூரம். இரண்டு மாதமாக ஒன்றுக்குப் போகிற பக்கெட்டுக்குக்கூட அவர் இறங்கியது அவள் தோளைப் பிடித்துத்தான்.

ஓடிப்போய்த் தாங்கத்தான் கால் துடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. சுத்தியலை மட்டும் மெல்லக் கீழே வைத்தாள்.

"என்ன?"

அவர் மூச்சு வாங்கினார். நாக்கைத் திரட்டிக்கொள்ள நேரம் பிடித்தது.

"புளிப்பு... சிப்பி ஓட்டத்தான் தின்னுது. துரு... சும்மா உக்காந்து வேடிக்க பாக்குது."

இரண்டு மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது.

"இத முந்தாநேத்தே சொல்றதுக்கென்ன?"

"நீ கேக்கல."

"பதினாறு பாட்டில், யோவ்."

"எண்ணுனேன்," என்றார் அவர்.

நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவர் சொன்ன டப்பாவிலிருந்து பழைய நட்டுகளும் ஒரு முழம் சங்கிலியும் எடுத்து வந்தாள். டேங்க் சுத்தமாக அலசப்பட்டு, ஓட்டுக்குப் பதில் நட்டும் சங்கிலியும் உள்ளே போட்டு, மூன்றாம் முறையாக வினிகர் ஊற்றப்பட்டது. ஆட்டுவதற்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும் என்று அவளே சொல்லி, அதன் ஒரு முனையை அவர் மடியில் வைத்தாள். அவருடைய இடக்கை தானாகப் பிடித்தது. வலக்கையை எடுத்து டேங்கின்மேல் வைத்து அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். பயிற்சி என்ற வார்த்தையை அவள் எடுக்கவே இல்லை. அவரும் கையைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் காலையும் மாலையும், ஒரு பிள்ளையைத் தூங்கவைப்பது மாதிரி ஆட்டினார்கள். இடையில் அவள் ஊர்க்கதை முழுவதும் பேசினாள். சில இடங்களில் அவர் திருத்தினார்.

தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது. உள்ளே இரும்பு சாம்பல் நிறத்தில் பளபளத்தது. சோடா மாவு கரைத்து அலசி, ஈரம் போக வெயிலில் கவிழ்த்து, எண்ணெய் காட்டி, டார்ச்சை உள்ளே விட்டபோது அடிப்பக்கம் மூன்று இடத்தில் ஊசிமுனை வெளிச்சம் வெளியே வந்தது. இத்தனை காலம் டேங்கை ஒழுகாமல் காப்பாற்றி வந்தது அந்தத் துருதான். சுன்தாவ் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். தியென்வாங் பாதி முகத்தால் சிரித்தார். ஓட்டைகளை அடைக்க, சிப்பி வளர்க்கிற மிதவைக் குழாய் ஒட்டும் பசை எங்கே இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். சொல்லி முடித்தபிறகே, தன் காரியத்தைத் தானே கெடுத்துக்கொண்டது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆகுவெய் டேங்கை மாட்டிக் கிக்கரை உதைத்தான். பதினான்காவது உதையில் வண்டி நீலப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. சுன்தாவ் அதுவரை அதை ஓட்டியதில்லை. கடற்சுவரை ஒட்டி இரண்டு நாள் அவன் பழக்கினான். வெள்ளிக்கிழமை காலை வண்டியின் பின்தட்டில் ரஜாயை மடித்துப் போட்டு, வாசலில் நிறுத்தினாள்.

சட்டை சரியில்லை என்றார். வேறு சட்டை போட்டுவிட்டாள். மழை வரும் என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. பிறகு அவர் தன் வலக்கையைப் பார்த்தபடி, கேட்கிறதா இல்லையா என்கிற குரலில் சொன்னார்.

"போயும் கை வரலன்னா?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவர் போகாததற்குக் காரணம் வேனும் இல்லை, ஊர்ப் பார்வையும் இல்லை. போகாதவரை அது இன்னும் வைத்தியம் பார்க்காத கை. போய்விட்டால் வராத கையாகிவிடலாம்.

 அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தாள்.

"வரலன்னா வரல. என்கிட்ட ரெண்டு இருக்கு. ஏறு."

ஏறினார். ஏறி முடிக்க வெகு நேரமாயிற்று. கொட்டகைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கியர் போட்டதும் வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்தது. பின்னாலிருந்து கிளச்சை மெதுவாக விடச்சொல்லி அவர் கத்தினார். அடுத்த திருப்பத்திலும் கத்தினார். பதினொரு கிலோமீட்டரும் வார்த்தை உடைந்து உடைந்து கத்திக்கொண்டே போனார். வழியில் நின்றவர்களுக்கு என்ன சொல்கிறார் என்று புரிந்திருக்காது. திட்டுகிறார் என்பது மட்டும் புரிந்திருக்கும். முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. தெரிந்த வழிதான் என்றாலும், மருத்துவமனைக்குத் திரும்பும் இடத்தில் திரும்பாமல், அந்தக் கத்தல் இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று கோயில் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போனாள்.