மறுகாலை அடைக்க விடாத சுடலைவடிவு

சேரன்மகாதேவிக்குக் கிழக்கே ஒரு குளத்தங்கரைக்குக் கீழே குடியிருக்கிறாள் சுடலைவடிவு. வயல் வேலைக்குப் போகிறவள். அவளுக்கு வாய் நீளம் என்பார்கள் ஊரில். இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் ஊருக்குத்தான் நல்லது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. திருக்கார்த்திகை கழிந்ததும், மழை முடிந்தது என்று தாங்களே முடிவுகட்டி, குளத்தில் மிஞ்சின தண்ணீர் வெளியேறும் மறுகாலில் மணல் மூட்டைகளை அடுக்கிவிடுவார்கள். பிசானப் பருவத்து நெல்லுக்கு இன்னும் ஒரு முழம் தண்ணீர் சேருமே என்ற ஆசை. மூட்டை நிரப்புகிறவர்கள் யார்? கரைக்குக் கீழே குடியிருக்கும் பெண்களேதான். தன் தலைக்கு மேல் தானே தண்ணீரை ஏற்றிவைக்கிற இந்தக் கூத்தை என்னவென்று சொல்வது!

ஒரு மார்கழியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மறுகால் அடைபட்ட குளம் கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் பாய்ந்தது. உயிர்கள் தப்பின, வடிவின் வீடு கரைந்து போனது. அலையாய் அலைந்து மறுபடி ஒரு வீடு கட்டினாள். இதுவும் போனால் இன்னொன்று கட்டத் தெம்பில்லை.

உடைந்த கரையைப் பார்க்க வந்த பொறியாளர் ஹம்ஸினியை அவள் விடவில்லை. "ஏம்மா இப்படிப் பெய்யுது?"

"கடல் சூடாயிட்டே வருதுக்கா. மாசம் பூரா பெய்யுத மழை இப்ப ஒரே நாள்ல கொட்டிருது. மார்கழின்னு பாக்காது. குளத்த உசத்தாதீங்க, ஆழமாக்குங்க. மறுகால் ஓடையச் சுத்தமா வையுங்க."

அந்தக் கோடையில் நூறு நாள் வேலையில் தெருப்பெண்கள் குளத்து வண்டலை அள்ளினார்கள். ஓடையில் மண்டிக் கிடந்த சீமை உடைமரங்களை ஆற்றங்கரை வரைக்கும் வெட்டித் தள்ளினார்கள். ஆனால் குளம் நிரம்பி, திருக்கார்த்திகையும் கழிந்ததும் பழைய ஆசை தலைதூக்கியது. பாசன சங்கத் தலைவர் இசக்கிதுரை சாக்குகளோடு கரைக்கு வந்தார்.

"வாங்கட்டி, மூட்டைய நெரப்புங்க."

ஒருத்தியும் நகரவில்லை.

"மாட்டோம் அண்ணாச்சி," என்றாள் வடிவு. "குளத்துக்கு வயித்தத் தோண்டியாச்சு. இனி தலையில சுமை ஏத்தாதிய."

"ஏளா, பயிர் கருகினா யாரு சோறு போடுவா?"

"கருகினா நாங்களுந்தான் பட்டினி. கரை போச்சுன்னா சோறு திங்க ஆளே இருக்காது!"

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே மண்வெட்டியை எடுத்தார். இரண்டு மூட்டை நிரம்புவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. கூட வந்த ஆண்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். மறுகால் திறந்தே கிடந்தது.

அடுத்த வாரமே பிடித்தது மழை. விடிந்ததிலிருந்து ஒரே கொட்டு. தெருவே கரைமேல் ஏறி நின்றது. குளம் ததும்பியது, ததும்பிய தண்ணீர் இரைந்துகொண்டு மறுகாலில் இறங்கி, ஓடை வழியே தாமிரபரணிக்கு ஓடியது. சாயங்காலம் மழை ஓய்ந்தபோது கரை கல்லாய் நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே அண்ணாச்சியும் வந்து சேர்ந்தார்.

"வடிவு, நான் மட்டும் அன்னைக்கு அடைச்சிருந்தா..." என்று இழுத்தார் அவர்.

"அதான் விடலயே! போயி உங்க வயலப் பாருங்க அண்ணாச்சி."

ஈரச் சேலையோடு வீட்டுக்குள் போனவள், காய்ந்து கிடந்த தரையில் அப்படியே உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதபடியே வாசலில் நின்ற பெண்களைக் கூப்பிட்டாள்.

"உள்ள வாங்கட்டி, வந்து உக்காருங்க. நம்ம வீடுட்டி இது!"